லாயத்தில் குதிரைக்குப் படுக்கை: பாகாலா பக்கத்துக்கான குறிப்புகள்

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று சொல்வது பாதிதான் சரி. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு விழாமல் நிற்கும் வசதி அதன் உடம்பிலேயே இருக்கிறது. அப்படி நின்றபடி கண்ணயரும். ஆழ்ந்த தூக்கம் மட்டும் படுத்தால்தான் வரும். நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம், அதுவும் விட்டுவிட்டு, படுத்து எழுந்தால் அதற்குப் போதும். தரை ஈரமாகவோ வழுக்கலாகவோ கரடாகவோ இருந்தால் படுக்கவே மறுக்கும். சில நாள் பொறுத்துக்கொள்ளும். அப்புறம் நின்ற இடத்திலேயே தூக்கம் அமுக்கி, முன்னங்கால் மடங்கி விழும். முன்முட்டியில் காரணம் தெரியாத சிராய்ப்பு இருந்தால், மருந்து தேடும்போதே அதன் படுக்கையையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

பாகாலா, காட்பாடி–திருப்பதி இருப்புப்பாதையில் தர்மாவரம் பாதை பிரிகிற ஜங்ஷன். ஜட்கா வண்டிக் காலம் போய்விட்டாலும் இந்த வட்டாரத்தில் குதிரை அற்றுப்போகவில்லை. திருமலை பிரம்மோற்சவத்தில் வாகனத்துக்கு முன்னால் யானையோடும் காளையோடும் குதிரையும் நடக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் போய், ஆசைப்பட்டு ஒரு மட்டக்குதிரையை ஓட்டிவந்து மாட்டுக்கொட்டகையில் கட்டுகிறவர்களும் உண்டு. இந்தக் குறிப்புகள் முக்கியமாக அவர்களுக்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். குதிரைப் படுக்கை பற்றிக் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. முழங்கால் அளவு வைக்கோல் பரப்பச் சொல்வார்கள். அங்கே அது குளிருக்குத் தேவை. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் நாம் சமாளிக்க வேண்டியது ஈரத்தை. மூத்திரம், மழை, தரையின் ஓதம் எல்லாம் இதில் அடங்கும். கீழே வருவதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

1. தரையைச் சரிசெய்யாமல் படுக்கைக்குச் செலவு செய்யாதீர்கள். ஈரமும் வழவழப்பும் நல்ல குளம்பைக்கூடக் கெடுத்துவிடும், லாயத்தில் சரிவும் வடிகாலும் வேண்டும் என்று கிரேக்கரான செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குதிரைக்கு வழவழப்பாக்கிய பலகை பாவிய தரையும், லத்தியும் மூத்திரமும் வெளியேறத் தனி வழியும் கேட்கிறது. புரள்வதற்கு இடம் விடச் சொல்கிறது. லாயத்தில் மயில், கீரி, கிளி, குரங்கு வளர்க்கவும் சொல்கிறது. குரங்கை நாம் வளர்க்க வேண்டியதில்லை. திருமலை அடிவாரத்தில் அது தானாகவே வரும்.

நம் பக்கத்தில் சல்லிசாகக் கிடைக்கிறது என்று கடப்பா கல்லைப் பாவிவிடுகிறார்கள். வீட்டுத் திண்ணைக்கு அது அருமையான கல். லாடம் அடித்த குதிரைக்கு, அதுவும் ஈரம் பட்டால், காலை வாரிவிடும். மெருகேற்றாத கரட்டுப் பக்கம் மேலே வரும்படி பாவினால் ஓரளவு பரவாயில்லை. சிமெண்டுத் தளம் என்றால் காய்வதற்கு முன் விளக்குமாற்றால் இழுத்துக் கோடு போட்டுவிடுங்கள். கெட்டித்த மொரம்பு மண் தரை குதிரையின் காலுக்கு எல்லாவற்றிலும் இதமானது. ஆனால் மூத்திரம் விழும் இடம் குழிவிழும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த இடத்தைத் தோண்டி, புது மொரம்பு கொட்டி இடித்துவிடச் சோம்பல் இல்லாதவர்களுக்கு மண் தரையே போதும்.

சரிவு லேசாக இருக்கட்டும். ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் போதும். அதற்கு மேல் சாய்ந்தால் குதிரை நாள் முழுக்கச் சாய்வில் நிற்க வேண்டியிருக்கும், தசைநாண் வலிக்கும்.

2. பெரிய குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, மட்டக்குதிரைக்குப் பத்துக்குப் பத்து. இதற்குக் குறைந்தால் எவ்வளவு நல்ல படுக்கை போட்டாலும் குதிரை படுத்துப் புரளாது.

3. வைக்கோல்தான் நமக்குக் கைக்கெட்டும் படுக்கை. குதிரைக்கும் அதுவே பிடிக்கும். சிக்கலும் அங்கேதான். கொள்ளும் புல்லும் போதாத குதிரை இரவெல்லாம் படுக்கையைத் தின்றுகொண்டிருக்கும். நெல் வைக்கோல் முரட்டுத் தீனி, சத்தும் குறைவு. தண்ணீர் போதாமல் அதை நிறையத் தின்றால் குடலில் அடைத்துக்கொண்டு வயிற்றுவலி வரும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது என்பதால் வயிற்றுக்கோளாறு எதுவும் அதற்குச் சின்ன விஷயமில்லை. ஆகவே படுக்கை விரிக்கும் முன்பே வயிறு நிறையப் பசும்புல்லோ நல்ல உலர்புல்லோ போட்டுவிடுங்கள். அப்படியும் தின்கிற குதிரைக்கு வைக்கோல் வேண்டாம், வேறு பொருளுக்கு மாறிவிடுங்கள்.

வாங்கும்போது கட்டைப் பிரித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சூடாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்து வெயிலுக்கு எதிரே உதறுங்கள். புகை மாதிரித் தூசி பறந்தால் அது பூஞ்சணம். மாடு தின்றுவிட்டுச் சும்மா இருக்கும், குதிரை இருமத் தொடங்கும். அந்த இருமல் நாளாவட்டத்தில் ஆஸ்துமா போல நிலைத்துவிட்டால் குணப்படுத்துவது கடினம். அறுவடை இயந்திரம் ஓடிய வயலில் ஈரத்தோடு சுருட்டிக் கட்டிய உருளைக் கட்டுகளில் இந்தத் தொல்லை அதிகம்.

பாகாலா மண்டலத்திலேயே தாமலச்செருவு மாங்காய் மண்டிகள் இருக்கின்றன. பருவம் முடிந்ததும் மாங்காய்க்கு அடியில் போட்ட வைக்கோலைச் சும்மாவே தருவார்கள். வாங்காதீர்கள். பழச்சாறு ஊறிப் பூசணம் பிடித்திருக்கும்; கார்பைடு கல் வைத்து மாங்காயைப் பழுக்கவைத்த வைக்கோலா என்பதும் நமக்குத் தெரியாது.

4. கடலைத் தோல். நிலக்கடலை விளைகிற சீமை இது. உடைக்கும் மில்லில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். லேசானது, காலுக்கு மெத்தென்று இருக்கும், வைக்கோலைவிடக் குதிரை குறைவாகத் தின்னும். ஆனாலும் எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. கடலையில் பிடிக்கும் மஞ்சள்பச்சைப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்கும். தோலோடு உடைந்த பருப்பும் சொத்தைக் கடலையும் கலந்திருந்தால் குதிரை அதைத் தேடித்தேடிப் பொறுக்கும். கோடையில் உடைத்த, மொறுமொறுப்பாகக் காய்ந்த தோலை மட்டும் வாங்கிச் சல்லடையில் சலித்துப் பயன்படுத்தலாம். மழைக்காலத்தில் கோணியில் கிடந்த தோலை அடுப்புக்கு அனுப்புங்கள்.

5. உமி மலிவு. ஆனால் தண்ணீரை உறிஞ்சாது, வழியவிடும். காற்றடித்தால் கண்ணில் விழும். தனியாகப் போடாமல், வேறு படுக்கைக்கு அடியில் இரண்டு அங்குலம் பரப்பினால் வடிகாலாக உதவும். தவிடு கலந்த உமியைப் போட்டால் குதிரை தரையை நக்கிக்கொண்டே இருக்கும்.

6. மரச்சீவல் நல்லது, மரத்தூள் அவ்வளவு நல்லதில்லை. இழைப்புளியில் சுருள்சுருளாக விழுகிற சீவல் ஈரத்தை வாங்கும், தூசி குறைவு, குதிரை தின்னாது. ரம்பத்தில் விழும் பொடித்தூள் மூக்கில் ஏறும். ஈரமானால் குளம்பின் அடியில் களிம்பாக அப்பிக்கொள்ளும்.

இதில் இன்னொன்றும் உண்டு. தச்சுப்பட்டறை என்றால் மரம் என்ற காலம் போய்விட்டது. இன்று பாதிக்கு மேல் பிளைவுட்டும் அமுக்கிய பலகையும்தான் அறுக்கிறார்கள். அதில் பசையும் ரசாயனமும் கலந்திருக்கிறது. பூச்சிமருந்து அடித்த மரமும் வரும். என்ன மரம் என்று கேட்டு, வேம்பு, தேக்கு, மா என்று தெளிவாகப் பதில் வந்தால் மட்டும் மூட்டை கட்டச் சொல்லுங்கள். வாங்கிவந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி அதற்குள் அலசினால் ஆணி ஒட்டிக்கொண்டு வரும். குளம்பில் ஏறிய ஓர் ஆணி மாதக்கணக்கில் குதிரையை நிறுத்திவிடும்.

7. தென்னை நார்த்தூள். காயர் பித் என்று கேட்டால் நர்சரிக்காரர்கள் தருவார்கள். என்னைக் கேட்டால் நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இதுதான் முதல் மதிப்பெண். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உள்வாங்கிக்கொள்ளும். நெடியை அடக்கும். குதிரை வாய்வைக்காது. பிறகு தோட்டத்துக்கு எருவாகவும் போகும். நிறம் கரும்பழுப்பாக இருப்பதால் எந்த இடம் நனைந்தது என்று கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் குறை என்றால் இது ஒன்றுதான்.

செடிக்கு விற்கிற அமுக்கிய கட்டியை வாங்கி ஏமாறாதீர்கள். அது தண்ணீர் ஊற்றினால்தான் உதிரும். நமக்கு வேண்டியது வெயிலில் காயவைத்த உதிரித்தூள்.

8. கரும்புச் சோகையும் சக்கையும் வெல்லம் காய்ச்சும் ஊர்களில் குவிந்து கிடக்கும். சோகையின் விளிம்பு அறுக்கும். சக்கையில் இனிப்பு மிச்சமிருக்கும். எறும்பு வரும், புளிக்கும், குதிரையும் மெல்லும். வேறு எதுவும் கிடைக்காத நாளுக்கு, நன்றாகக் காய்ந்த பழைய சக்கை என்றால் சரி.

9. மணல் குளிர்ச்சி, வடிகாலும் நல்லது. வெயில் நாளில் குதிரை ஆசையாகப் புரளும். ஆனால் தீனியை அதன் மேலேயே போட்டால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படியும். மணல் பரப்பிய லாயத்தில் தீனித்தொட்டி கட்டாயம் வேண்டும், அதன் அடியில் ஒரு பாய் அல்லது பலகையும் வேண்டும். ஆற்றுமணல் கிடைப்பதே பெரும்பாடு என்கிற இந்நாளில் இதைப் பற்றி அதிகம் பேசிப் பயனில்லை.

10. ரப்பர் பாய் போட்டால் படுக்கைச் செலவு பாதியாகும் என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான். படுக்கையே வேண்டாம் என்றும் சொல்வார், அதை நம்பாதீர்கள். ரப்பர் ஈரத்தை உறிஞ்சாது, மூத்திரம் தெறிக்கும். தெறிப்பது குதிரைக்குப் பிடிக்காது, அடக்கி வைத்துக்கொள்ளும். பாயின் மேல் மூன்று அங்குலம் நார்த்தூளோ சீவலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை பாயைத் தூக்கி அடியைக் கழுவிக் காயவிடுங்கள். தூக்கிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும்.

11. விரிக்கும் முறை. தரை காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பினாயில் ஊற்றிக் கழுவிய ஈரம் ஆறுவதற்குள் படுக்கை விரித்தால் அடியிலிருந்தே புழுங்கும். நார்த்தூள், சீவல் என்றால் நாலைந்து அங்குலம். வைக்கோல் என்றால் உதறிப் போட்டு ஓர் அடி. இரவு மிதிபட்டு அது பாதியாகிவிடும். போதுமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் முட்டியால் படுக்கையின் மேல் அழுத்தி மண்டியிடுங்கள். தரை தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்சம் வேண்டும்.

சுவரோரம் வரப்பு கட்டுங்கள். நாலு பக்கமும் ஓர் அடி உயரத்துக்குப் படுக்கையை அணைத்து மேடாக்கி, கவைக்கோலின் முதுகால் அடித்து இறுக்கிவிடுங்கள். அழகுக்காக இதைச் செய்வதில்லை. குதிரை சுவரோரம் புரண்டால் கால்கள் சுவரில் முட்டி, முதுகு தரையில் கிடக்க, எழவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் மாட்டிக்கொள்ளும். பயத்தில் உதைத்துக்கொண்டே இருந்தால் விடிவதற்குள் உயிரே போகக்கூடும். வரப்பு இருந்தால் குதிரை சுவரை நெருங்காமல் நடுவில் படுக்கும். நெருங்கினாலும் கால் ஊன்றித் தள்ளிக்கொள்ள இடம் கிடைக்கும்.

அப்படி மாட்டிக்கொண்ட குதிரையைப் பார்த்தால் காலுக்கு நேரே போய் நிற்காதீர்கள். முதுகுப் பக்கமாக நின்று, கால்களில் நீளக் கயிறு போட்டு இரண்டு மூன்று பேராக இழுத்துப் புரட்டிவிட்டுச் சட்டென்று விலகிவிட வேண்டும்.

12. கட்டிவைக்கும் குதிரைக்கு. நம் ஊரில் முன்னால் ஒரு முளை, பின்னங்காலுக்கு ஒரு முளை என்று கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நாலு சுவரும் கதவும் இருந்தால் இரவில் அவிழ்த்துவிடுங்கள். முடியாவிட்டால், படுத்த குதிரையின் தலை தரையைத் தொடும் அளவுக்குக் கயிறு இருக்க வேண்டும். முன்னங்கால் கயிற்றைத் தாண்டிச் சிக்கும் அளவுக்கு நீளக்கூடாது. கயிறு குட்டையாக இருந்தால் படுக்கை விரித்தும் பயனில்லை.

13. விடியற்காலை வேலை. நானூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள குதிரை நாளுக்குப் பதினைந்து இருபது கிலோ லத்தி போடும், ஏழெட்டு லிட்டர் மூத்திரம் விடும். லத்தி பெரிய தொல்லை இல்லை. உருண்டையாகக் கிடக்கும், நாலு பல் கவைக்கோலால் அள்ளிக் கூடையில் போட்டுவிடலாம். பகலில் போகவர அள்ளிக்கொண்டே இருந்தால் படுக்கை இரட்டிப்பு நாள் உழைக்கும்.

மூத்திரம் படிந்த இடத்தை மட்டும் தேடி எடுக்க வேண்டும். ஆண் குதிரை பெரும்பாலும் படுக்கையின் நடுவில் நனைக்கும், பெட்டை பின்பக்கம் சுவரோரம் நனைக்கும். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பழக்கமான இடம் இருக்கும். ஒரு வாரம் கவனித்தால் கண்டுபிடித்துவிடலாம். அந்த இடத்தை மட்டும் அடிவரை அள்ளி எறிந்து, நல்ல படுக்கையைச் சுவரோரமாகக் குவித்து, தரையைக் காற்றாட விட்டுவிடுங்கள். மாலையில் திரும்பப் பரப்பி, எடுத்த அளவுக்குப் புதிது போடுங்கள். புதியதை வரப்பில் வைத்து, வரப்பில் இருந்த பழையதை நடுவுக்குத் தள்ளுவது குதிரைக்காரர்கள் செய்கிற சிக்கனம்.

லத்தியை மட்டும் எடுத்துவிட்டு மேலே மேலே புதுப் படுக்கை போட்டு மாதக்கணக்கில் உயர்த்துகிற முறை குளிர்நாட்டில் உண்டு. அடியில் நொதிக்கும் சூடு அங்கே குதிரைக்கு இதம். பாகாலாவில் சித்திரை மாதத்தில் அதைச் செய்து பார்க்க யாருக்கும் சொல்லமாட்டேன்.

14. நெடியை நின்றபடி முகராதீர்கள். மூத்திரத்தில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. படுத்த குதிரையின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். நீங்களும் உட்கார்ந்து, அந்த உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் குதிரையின் நுரையீரலுக்கும் கரிக்கிறது என்று அர்த்தம்.

நெடி போக அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் தூவுவது நம் வழக்கம். இரண்டும் காரம். காரம் சேர்ந்தால் படுக்கையில் கட்டுண்டு கிடக்கும் அம்மோனியா இன்னும் வேகமாக வாயுவாகக் கிளம்பும். முதல் நாள் தேவலை போலத் தோன்றும், அவ்வளவுதான். போதாக்குறைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு தோலையும் குளம்பையும் அரித்துவிடும். ஈரப் படுக்கையை அள்ளி வெளியே போடுவதும், சுவரில் மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்புமாகக் காற்றுக்கு வழி விடுவதும்தான் பலன் தரும்.

15. குளம்பைத் தூக்கிப் பாருங்கள். தினமும், படுக்கை மாற்றும்போதே. அடிப்பாகத்தில் நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியின் இரு பக்கத்துப் பள்ளங்களில் கருப்பாகக் கசிந்து கெட்ட வாடை வந்தால், ஈரப் படுக்கையில் நின்றதால் வந்த அழுகல் அது. தொடக்கத்தில் சுத்தமும் உலர்ந்த தரையும் போதும்.

16. ஐப்பசி, கார்த்திகை. நமக்குத் தென்மேற்குப் பருவத்திலும் பெய்யும்; கொட்டித் தீர்ப்பது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2021 நவம்பரில் திருப்பதி தெருக்களில் வெள்ளம் ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாயத்துத் தரை வெளி மண்ணைவிட ஓர் அடியாவது உயர்ந்திருக்கட்டும். வாசலில் கல் வைத்த வாய்க்கால் ஒன்று வெட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு வேண்டிய படுக்கையைப் புரட்டாசிக்குள் வாங்கிக் காயவைத்து ஏற்றிவிட வேண்டும். மழை தொடங்கிய பின் கிடைப்பதெல்லாம் நனைந்ததாகத்தான் இருக்கும். வெளியே நனைந்துவந்த குதிரையை நேரே படுக்கைக்கு விடாதீர்கள். தேய்த்து உலர்த்திவிட்டு விடுங்கள்.

இந்த மாதங்களில் வைக்கோலை மட்டும் நம்பாமல், அடியில் நார்த்தூள், மேலே மெல்லிய வைக்கோல் என்று கலந்து போடுவது நல்லது.

17. கோடையில் படுக்கையைக் குறையுங்கள். பகலில் நடுப்பகுதியை ஒதுக்கித் தரையின் குளிர்ச்சியில் நிற்கவிட்டு, இரவுக்கு மட்டும் பரப்பினால் போதும். படுக்கையின் மேல் தண்ணீர் தெளித்துக் குளிரவைக்கிற வேலை வேண்டாம். குதிரையின் மேல் ஊற்றுங்கள்.

18. ஈயும் புகையும். குதிரையின் காலைக் குத்தி ரத்தம் குடிக்கும் லாயத்து ஈ, மூத்திரமும் வைக்கோலும் கலந்து மக்கும் இடத்தில்தான் முட்டையிடும். நம் வெக்கையில் முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் போதும். ஆகவே வாரம் ஒருமுறை மூலை முடுக்கெல்லாம் அடிவரை வாரி எடுத்தால் ஒரு தலைமுறையே இல்லாமல் போகும். மருந்தடிப்பதைவிட இது மேல். கடிக்கும் ஈக்கள் சர்ரா என்னும் காய்ச்சலை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். பக்கத்தில் மாடு, எருமை கட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

கொசுவுக்கு வேப்பிலை மூட்டம் போடுவது மாட்டுக்கொட்டகைப் பழக்கம். லாயத்துக்குள் வேண்டாம். குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கு ஒன்றே வழி. அதன் நுரையீரலும் புகைக்கும் தூசிக்கும் சீக்கிரம் நோகும். வாசலில் ஒரு மின்விசிறியும் ஜன்னலில் கொசுவலையும் இருந்தால் நல்லது. மூட்டம் போட்டே தீரவேண்டும் என்றால் வெளியே, காற்று லாயத்தை விட்டுப் போகும் திசையில், வைக்கோலுக்கு எட்டாத தூரத்தில் போடுங்கள்.

19. பெட்டை ஈனும் சமயம் வைக்கோல் மட்டுமே. நார்த்தூளும் சீவலும் ஈரக் குட்டியின் மூக்கிலும் தொப்புளிலும் ஒட்டிக்கொள்ளும். புது வைக்கோலாக, ஆழமாகப் போடுங்கள். சுவரோர வரப்பையும் உயர்த்துங்கள். ஈன்ற பிறகு நனைந்ததை உடனே மாற்றிவிட வேண்டும், தொப்புள் வழியாகவும் குட்டிக்குத் தொற்று ஏறும்.

20. கல்யாணத்துக்குப் போகும் வெள்ளைக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு: தொடையிலும் விலாவிலும் படிகிற மஞ்சள் கறை சோப்புக்கு லேசில் போகாது. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு படுக்கை முழுவதையும் மாற்றி, வெளிர்நிற மரச்சீவலோ புது வைக்கோலோ போடுங்கள். அன்று நார்த்தூள் வேண்டாம், சாயம் இறங்கும்.

21. வைக்கோல் போர் லாயத்தை ஒட்டி இருக்கக்கூடாது. எலி வரும், எலியைத் தேடி நல்லபாம்பும் கண்ணாடிவிரியனும் வரும். தீப்பிடித்தால் குதிரையை அவிழ்க்க நேரம் இருக்காது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பரண் போட்டுத் தள்ளி அடுக்குங்கள். இருட்டில் போரில் கைவைத்து உருவ வேண்டாம். கவைக்கோலால் தட்டிவிட்டு எடுங்கள். லாயத்துக்குள் பீடி கூடாது என்பதைக் குதிரைக்காரரிடம் ஒருமுறை சொன்னால் போதாது.

22. வியாதிக் குதிரையின் படுக்கையை எருக்குழியில் போடாதீர்கள். மூக்கில் சளியும் புண்ணும், தோலில் வரிசையாகக் கட்டியும் இருந்தால் கிளாண்டர்ஸ் என்னும் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் அதுவும் ஒன்று. குதிரையை ஒதுக்கிக் கட்டி, கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் சொன்னபடி படுக்கையை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். திருப்பதியிலேயே ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் இருப்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி.

நோய் இல்லாத லாயத்திலும் குதிரை லத்தியில் தனுர்வாதக் கிருமியின் வித்து இருக்கும். படுக்கை அள்ளுகிறவர் கையில் வெட்டுக்காயத்தோடு அள்ளக்கூடாது, தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். குதிரைக்கும் அதே நோய்க்கு ஊசி உண்டு.

23. அள்ளியதை என்ன செய்வது? லாயத்திலிருந்து நூறு அடியாவது தள்ளி, கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இல்லாமல் குழி வெட்டுங்கள். லத்தியும் வைக்கோலும் கலந்தது மக்குவதற்கு ஏறக்குறைய சரியான கலவை. சீவலும் கடலைத் தோலும் என்றால் மெதுவாக மக்கும். கொஞ்சம் மாட்டுச் சாணமோ பச்சைத் தழையோ சேர்க்க வேண்டும். பிழிந்தால் ஒரு சொட்டு வரும் அளவுக்கு ஈரம் காத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் உள்ளே ஐம்பத்தைந்து அறுபது டிகிரி சூடு ஏறும். அந்தச் சூட்டில் களைவிதையும் புழு முட்டையும் செத்துவிடும். ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்து, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது. குழியில் அம்மோனியா நெடி அடித்தால் மேலே கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் தூவலாம்; தழைச்சத்து காற்றில் போகாமல் தங்கும்.

மக்காத புது லத்தியை மாங்கன்றின் அடியில் கொட்டினால் சூடு தாக்கி வேர் கருகும். மூன்று நாலு மாதம் கழித்து, கருத்து உதிர்ந்து மண்வாசனை வரும்போது எடுத்து மாமரத்துக்கும் தக்காளிக்கும் போடலாம். நார்த்தூள் கலந்த எருவுக்கு இன்னும் இரண்டு மாதம் கூட ஆகும்.